வண்டியை இறக்கலாம், கணக்கை இறக்க முடியாது!
(அறிவியல் பகுதி)



வண்டி உயரமா இருந்தாத்தான் கெத்து என்று நாம நினைக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் சில பேர் பழைய பிக்கப் வண்டியை வாங்கி, பணத்தைச் செலவு பண்ணி, தரையோடு தரையா இறக்குகிறார்கள். பிக்கப் என்றால் முன்னால் கேபின், பின்னால் திறந்த தொட்டி உள்ள சின்ன சரக்கு வண்டி. அங்கே விவசாயிகள் வைக்கோலும் தீவனமும் ஏற்றிய வண்டி அது. இப்படி இறக்குவதற்கு மிகவும் பிடித்த வண்டிகளில் ஒன்று, 1967 முதல் 1972 வரை ஒரே உருவத்தில் வந்த ஷெவ்ரலே சி-10.

“ஸ்பிரிங்கை அறுத்து விட்டா வண்டி தானா இறங்கிடும், இதுல என்ன இருக்கு?” என்று கேட்பீர்கள். அங்கேதான் அறிவியலும் இருக்கு, ஆபத்தும் இருக்கு. வாங்க பார்ப்போம்.

ஏன் இறக்குகிறார்கள்?

முதல் காரணம் அழகு. இரண்டாவது காரணம் நம்ம பாடத்திலேயே இருக்கு. ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் பொருள் எளிதில் சாயாது. வளைவில் திரும்பும்போது தாழ்ந்த வண்டி குறைவாகச் சாயும்.

மூன்றாவது காரணம் வரலாறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிபோர்னியா மாநிலத்தில், முக்கியமாக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில், மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை இறக்கி மெதுவாக ஊர்வலம் போல ஓட்டினார்கள். காரின் டிக்கியில் மணல் மூட்டை வைத்துக்கூட இறக்கினார்கள்! இந்தக் கார்களுக்கு ‘லோரைடர்’ என்று பெயர். புதுக் கார் வாங்க வசதி இல்லாதவர்கள் பழைய காரையே எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி செய்தார்கள். அது அவர்களுக்கு ஒரு மரியாதை.

1958-ல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. சக்கரத்தின் இரும்பு வளையத்தின் அடிமட்டத்தை விட, வண்டியின் வேறு எந்தப் பாகமும் தாழ்வாக இருக்கும்படி மாற்றக் கூடாது என்றது. உடனே 1959-ல் ரான் அகிர்ரே என்பவர் தன் காரில் ஹைட்ராலிக் பம்பு வைத்தார். சுவிட்சைத் தட்டினால் கார் ஏறும், இறங்கும். போலீஸ் வந்தால் ஏற்றிக்கொள்ளலாம்! அந்தத் தடை 2024 ஜனவரி முதல் நீக்கப்பட்டது. கார்களில் பிறந்த இந்த ஆசைதான் பிக்கப் வண்டிக்கும் வந்தது.

சஸ்பென்ஷன் என்றால் என்ன?

சக்கரத்துக்கும் வண்டியின் சட்டத்துக்கும் (சேஸ்) நடுவில் இருக்கும் அமைப்புதான் சஸ்பென்ஷன். இதில் இரண்டு பேருக்கு முக்கிய வேலை.

1. ஸ்பிரிங்: பாரத்தைத் தாங்கும், மேடு பள்ளத்தில் அமுங்கி எழும். சுருள் ஸ்பிரிங்கும் உண்டு, பட்டை ஸ்பிரிங்கும் உண்டு. லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால், வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்குமே, அதுதான் பட்டை ஸ்பிரிங்.

2. ஷாக் அப்சார்பர்: உள்ளே எண்ணெய் இருக்கும். ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் ஆட்டத்தை அடக்கும்.

ஸ்பிரிங்கை அறுத்தால் என்ன ஆகும்?

ஹூக்கின் விதி ஞாபகம் இருக்கிறதா? ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பது, அதன் மேல் வைக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு சுருள் ஸ்பிரிங் 100 கிலோ பாரத்துக்கு 2 செ.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோவுக்கு 4 செ.மீ. அமுங்கும். இப்போது அதைப் பாதியாக அறுத்தால்? பாதிச் சுருள்தானே இருக்கு, அதனால் 100 கிலோவுக்கு 1 செ.மீ.தான் அமுங்கும். அதாவது ஸ்பிரிங் இரண்டு மடங்கு கெட்டியாகிவிட்டது! வண்டி இறங்கும், ஆனால் தூக்கித் தூக்கிப் போடும்.

கேஸ் வைத்து அறுத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. சூட்டில் எஃகின் பதம் போய்விடும். ஸ்பிரிங் நாளடைவில் தொய்ந்து போகலாம், உடையவும் செய்யலாம். அதனால் நல்ல மெக்கானிக்குகள் அறுக்க மாட்டார்கள். இறக்குவதற்கென்றே கணக்குப் போட்டுச் செய்த ஸ்பிரிங்கைத்தான் போடுவார்கள்.

முன்பக்கம்: சக்கரத்தை ஏற்று, வண்டி இறங்கும்!

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். முன் சக்கரம் ஸ்பிண்டில் என்ற தண்டில் சுழல்கிறது. அந்தத் தண்டு ஒரு இரும்புத் துண்டோடு சேர்ந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, தண்டு சுமார் இரண்டரை அங்குலம் மேலே இருக்கும்படி செய்த வேறு துண்டைப் பொருத்துகிறார்கள். சக்கரம் தரையில்தான் நிற்கணும். அதனால் சக்கரம் மேலே போவதற்குப் பதிலாக வண்டி அதே அளவு கீழே வருகிறது. ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை. அது முன்பு போலவே அமுங்கி எழும்.

வேலை முடிந்ததும் சக்கரத்தின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும் (வீல் அலைன்மென்ட்). இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

பின்பக்கம்: இங்கேதான் வேலை அதிகம்

பட்டை ஸ்பிரிங் உள்ள பிக்கப்களில் பின் அச்சு பெரும்பாலும் பட்டைக்குக் கீழே இருக்கும். அதைப் பட்டைக்கு மேலே மாற்றிக் கட்டினால், வண்டி பல அங்குலம் ஒரேயடியாக இறங்கிவிடும். சி-10 வண்டிகளில் பெரும்பாலும் பின்னாலும் சுருள் ஸ்பிரிங்தான். அதற்குக் குட்டையான ஸ்பிரிங் போடுவார்கள்.

எப்படி இறக்கினாலும் ஒரு சிக்கல் வரும். அச்சுக்கும் அதன் மேலே போகும் சட்டத்துக்கும் இடையே இருந்த இடைவெளி போய்விடும். பள்ளத்தில் விழுந்து எழும்போது அச்சு சட்டத்தில் மோதும். அதனால் சட்டத்தின் அடிப்பக்கத்தில் அரைவட்டமாக வெட்டி இடம் விடுகிறார்கள். ஆனால் வெட்டினதோடு விட்டால் சட்டம் அந்த இடத்தில் பலவீனமாகி முறிந்துவிடும். வீட்டுக் கூரையின் உத்திரத்தில் பாதியைச் செதுக்கி எடுத்தால் என்ன ஆகும், அதே கதிதான். அதனால் ஆங்கில ‘சி’ எழுத்து போல வளைந்த தடித்த எஃகுத் தகடு வைத்து, போல்ட் போட்டோ வெல்டிங் செய்தோ பலப்படுத்துகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

சி-10 வண்டியில் பின் அச்சு பக்கவாட்டில் ஓடாமல் இருக்க, சட்டத்திலிருந்து அச்சுக்குக் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். இது சாய்வாக இருக்கு என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக, கம்பியின் நீளம் 25 அங்குலம், இரண்டு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 7 அங்குலம். பிதாகரஸ் தேற்றப்படி,

25 × 25 − 7 × 7 = 625 − 49 = 576
576-ன் வர்க்கமூலம் 24

அதாவது கம்பி கிடைமட்டமாக 24 அங்குலம் எட்டுகிறது. இப்போது வண்டியை 7 அங்குலம் இறக்கினால், கம்பி படுத்துவிடும், 25 அங்குலம் எட்டும். கம்பி நீளவில்லை, ஆனாலும் பின் அச்சு முழுவதும் 1 அங்குலம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுவிட்டது! இதைச் சரிசெய்ய, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கம்பி போடுகிறார்கள். பிதாகரஸ் பரீட்சைக்கு மட்டும் இல்லை, பார்த்தீங்களா!

இதே மாதிரி, எஞ்சினின் சக்தியைப் பின் அச்சுக்குக் கொண்டு போகும் நீளத் தண்டின் கோணமும் மாறும். கவனிக்காவிட்டால் வண்டி அதிரும், ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். அதனால் அந்தக் கோணத்தையும் அளந்து சரிசெய்கிறார்கள்.

காற்றுப் பை

ஹைட்ராலிக் பம்புக்குப் பதிலாகப் பலர் இப்போது ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் தடித்த ரப்பர் பைகளை வைக்கிறார்கள். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி ஒரு தொட்டியில் சேர்க்கும். வால்வைத் திறந்தால் காற்று பைக்குள் போகும், வண்டி எழும். காற்றை வெளியே விட்டால் தரையோடு உட்காரும். ஓட்டும்போது தேவையான உயரம், நிறுத்தும்போது அழகு, இரண்டும் கிடைக்கும். குழாயில் கசிவு ஏற்பட்டால் மட்டும் வண்டி தானாகவே உட்கார்ந்துவிடும்!

உங்களுக்குத் தெரியுமா?

* சி-10 வண்டிக்கு 1971-ல்தான் முன் சக்கர டிஸ்க் பிரேக் கட்டாய அம்சமாக வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் டிரம் பிரேக் இருந்தது. அதனால் பலர் இறக்கும்போதே பிரேக்கையும் மாற்றுகிறார்கள்.
* அமுக்கி வைத்த சுருள் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே கொல்லும்.
* ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பலமான ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

என்ன கிடைத்தது, என்ன போனது?

அழகு கிடைத்தது. வளைவில் உறுதி கிடைத்தது. ஆனால் ஸ்பிரிங் அமுங்க இடம் குறைந்ததால், முன்பு சுமந்த பாரத்தை இப்போது சுமக்க முடியாது. வேகத்தடையில் அடிப்பாகம் இடிக்கும். வைக்கோல் ஏற்றிய வண்டி இனி ஊர்வலம் மட்டும்தான் போகும். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. அது சொந்தக்காரர் இஷ்டம். ஆனால் சட்டத்தை வெட்டிப் பலப்படுத்தாமல் விட்டால், அந்த வண்டி முறிவது யாருமில்லாத காட்டில் இல்லை, எதிரே ஆள் வருகிற ரோட்டில்தான். அழகு அவருக்கு, ஆபத்து எல்லாருக்கும் என்று ஆகிவிடக் கூடாது. ஒரு அங்குலம் இறக்கினால் அதற்கு ஸ்பிரிங்கில், அச்சில், சட்டத்தில், கம்பியில் எல்லாம் கணக்கு சொல்லியே ஆகணும்.

இன்னொன்று. வண்டி வேலை பையன்களுக்கு மட்டும்தான் என்று சில பேர் சொல்வார்கள். ஹூக்கின் விதியும் பிதாகரஸ் தேற்றமும் நமக்கும் ஒரே புத்தகத்தில்தானே இருக்கு? பிறகென்ன தோழிகளே, ஸ்பேனரைப் பிடிப்போம்!

சிந்திக்க: கம்பி 13 அங்குலம், உயர வித்தியாசம் 5 அங்குலம். கம்பி படுக்கும்வரை வண்டியை இறக்கினால் அச்சு எவ்வளவு நகரும்? விடையைத் தாளில் எழுதிச் சுவர்ப் பத்திரிகைப் பெட்டியில் போடுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி