தாத்தாவின் கால் ஏன் வாசலில் நின்றுவிடுகிறது?

பார்க்கின்சன் நோய் உள்ள ஒரு தாத்தா நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கூடத்தில் மெதுவாக நடந்து வருவார். வாசற்படி வந்ததும் பசை போட்டு ஒட்டியதுபோல் கால் நின்றுவிடும். "வாங்க தாத்தா" என்று கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு முன்னே வரும், கால் வராது. அப்புறம் என்ன ஆகும்? விழுந்துவிடுவார். அதனால் இழுக்கவே கூடாது!

விழாமல் நிற்பதற்கு மூளை ஓயாமல் வேலை செய்கிறது. கண் ஒரு செய்தி அனுப்பும். காதின் உள்ளே பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. அவற்றிலுள்ள திரவம் அசைந்து, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும். பாதமும் மூட்டும் தசையும் இன்னொரு செய்தி அனுப்பும். சோதித்துப் பார்க்கலாமா? சுவரோரம் ஒற்றைக்காலில் நின்று கண்களை மூடுங்கள். உங்கள் கணுக்காலைத் தம்பியோ தங்கையோ உற்றுப் பார்க்கட்டும். அது நிற்காமல் இப்படியும் அப்படியும் துடிப்பது தெரியும். கண்ணின் செய்தி நின்றதும் கால் அவ்வளவு பாடுபடுகிறது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதி வைத்த பார்க்கின்சன் நோயில், நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்துபோகின்றன. அசைவு மெதுவாகிறது, அடி சிறுத்துப்போகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கோ உடம்பில் ஒரு பக்கம் பலமிழக்கிறது. இரண்டிலும் விழும் ஆபத்து அதிகம்.

ஒருமுறை விழுந்தவரைப் பயம் பிடித்துக்கொள்கிறது. அடி படாமல் தப்பியிருந்தாலும்கூடத்தான். பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டு, தரையையே பார்த்து நடப்பார். பிறகு நடப்பதையே குறைப்பார். நடக்காத காலின் தசை மெலியும். மெலிந்த கால் மறுபடி தடுமாறும். "சோம்பேறி ஆயிட்டார்" என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் பயந்துபோயிருக்கிறார்.

இந்தப் பயத்தை அளக்கவும் முடியும். 16 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. குளிக்கும்போது, வழுக்கும் தரையில் நடக்கும்போது விழுந்துவிடுவோமோ என்ற கவலை எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். இன்னொரு சோதனையில் நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பிசியோதெரபிஸ்ட் கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

வந்தவர் என்ன செய்வார்? தாத்தாவைச் சுவர் மூலையில் நிறுத்தி, முன்னால் ஒரு நாற்காலி போடுவார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிமானம் உண்டு என்பதால் இறுக்கம் தளரும். அங்கேயே எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றப் பழக்குவார். கால் நின்றுபோகும் இடத்தில் தரையின் குறுக்கே வண்ண டேப் ஒட்டுவார். எனக்கு மிகவும் பிடித்த அதிசயம் இதுதான்: தானாக நடக்க வராத கால், கோட்டைத் தாண்டச் சொன்னால் தாண்டிவிடும்! கண்ணால் பார்த்துச் செய்யும் அசைவுக்கு மூளை வேறு பாதையைப் பயன்படுத்துகிறது என்கிறார்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று தாளம் போட்டாலும் பலருக்கு அடி பெயரும். அதை நீங்களே போடலாம். ஆனால் அவர் நடக்கும்போது கதை கேட்காதீர்கள். பதில் யோசிக்கப் போன கவனம் காலைக் கைவிட்டுவிடும்.

அடுத்தது, விழுந்தால் எழுவது எப்படி என்ற பயிற்சி. பக்கவாட்டில் புரண்டு, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து, பலமான காலை ஊன்றி எழ வேண்டும். தனக்கு எழத் தெரியும் என்று தெரிந்தவருக்குப் பயம் நன்றாகவே குறைகிறது. அப்புறம்தான் கேட்டைத் திறந்து வெளியே போவார்கள். மேடுபள்ளத் தெரு, ஆடும் கால்வாய் மூடி, ஷேர் ஆட்டோவின் படி எல்லாம் அதற்குப் பிறகு, ஒவ்வொன்றாக.