ஒற்றை டிக்கெட் – 11: பொர்ரா குகையின் மேலும் கீழும்

தனியாகப் போகிறவர்கள் பேக்கேஜ் பஸ்ஸில் ஏறலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக ஏறலாம். ஏறியதும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: வழிகாட்டிக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பமாக வருகிறவர்கள் சேர்ந்து உட்காரவே விரும்புவார்கள் என்பதால் அந்த இருக்கைக்குப் பெரும்பாலும் போட்டி இருக்காது. ஒவ்வொரு நாளும் ஒரே பாடத்தை ஒப்பிக்கும் மனிதரிடம், பாடத்தில் இல்லாததைக் கேட்கும் வாய்ப்பு அங்கே உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு பள்ளத்தாக்கு, பொர்ரா குகைகள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்புகிற சுற்றுலாவில் நான் கற்றுக்கொண்டது இது. காலையில் ரயிலில் மலையேறி, அரக்கில் பஸ் பிடித்து, குகையைப் பார்த்துவிட்டு இரவுக்குள் கடற்கரை நகருக்குத் திரும்பிவிடலாம்.

ரயில் ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. கொத்தவலசாவில் பிரியும் பாதை சிருங்கவரப்புகோட்டை வரை சமவெளியில்தான் ஓடுகிறது. வயல், பனைமரம், சிறு சிறு நிலையங்கள். அதற்கப்புறம் கிழக்குத் தொடர்ச்சி மலை எதிரே வந்து நிற்கிறது. 2017 முதல் இந்த ரயிலில் கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டியையும் இணைத்திருக்கிறார்கள். சாதாரணப் பெட்டியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் சுரங்கத்துக்குள் நுழையும்போது ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். எனக்கு அதுதான் பிடித்தது.

இந்தப் பாதை சுற்றுலாவுக்காகப் போட்டதல்ல. இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் பைலாடிலா மலையின் இரும்புத்தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு இறக்கி, கப்பலில் ஜப்பானுக்கு அனுப்புவதற்காக, ஜப்பானின் உதவியோடு 1960-களில் மலையைக் குடைந்து போட்டது. கொத்தவலசாவிலிருந்து கிரந்துல் வரை நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், 58 சுரங்கங்கள். சிமிலிகுடா நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 996 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஷ்மீர்ப் பாதை வரும்வரை நாட்டின் அகலப்பாதை நிலையங்களில் இதுவே உயரமானது என்ற பெயர் அதற்கு இருந்தது. நாங்கள் ஏறும்போது எதிரே தாது நிரம்பிய வேகன்கள் இறங்கி வந்தன. கறுஞ்சிவப்புத் தூசு படிந்த வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துகொண்டே இருந்தன. பெட்டியில் எல்லோரும் மறுபக்கத்துப் பள்ளத்தாக்கைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அரக்கில் பஸ் வரிசையாக நிற்குமிடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்மாபுரம் தோட்டம், பழங்குடி அருங்காட்சியகம், மதியச் சாப்பாடு, திம்சா நடனம். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் நேரம் போதாது. திம்சாவில் பெண்கள் இடுப்போடு கை கோத்து வளைந்து வளைந்து ஆடுவது கண்ணுக்கு நிறைவு. ஆனால் அறுவடைக்கும் கல்யாணத்துக்கும் ஊர் கூடி ஆடுகிற ஆட்டத்தை, பஸ் கிளம்பும் நேரத்துக்குள் முடித்தாக வேண்டிய நிகழ்ச்சியாகப் பார்ப்பதில் எனக்கு மன ஒப்புதல் இல்லை.

கீழிறங்கும் வழியில் காலிகொண்டா வியூ பாயின்ட். மேகம் காலுக்குக் கீழே போகும். எல்லோரும் இறங்கி செல்ஃபி எடுத்தார்கள். நாம் நிற்கும் இந்த மலையின் தலையில் என்ன இருக்கிறது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். “பாக்ஸைட், மேடம்” என்றார், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. அலுமினியம் எடுக்கும் தாது. இந்த மலைகளில் அதைத் தோண்டுவதற்கு 2005-ல் மாநில அரசு ஒரு தனியார் குழுமத்தோடு ஒப்பந்தம் போட்டது. மலைவாழ் மக்கள் விடாமல் எதிர்த்ததில் சுரங்கம் வரவே இல்லை. அவர்கள் பயந்தது தண்ணீருக்காக. மலையுச்சியில் போர்வையாகக் கிடக்கும் பாக்ஸைட் மண்தான் மழையை உறிஞ்சி வைத்து, வெயில் காலத்திலும் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

அனந்தகிரியின் காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலில் செடிகள் நிற்கின்றன. மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி. பெரும்பாலும் ஆதிவாசிக் குடும்பங்கள் சிறு நிலங்களில் வளர்க்கும் காபி. 2017-ல் பாரிஸில் அரக்கு பெயரிலேயே ஒரு கடை திறந்தது. 2019-ல் அரக்கு அரபிகாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலை கை மாறியிருந்தால் இந்தத் தோட்டங்களின் கதி என்ன என்பதை யோசித்தபடியேதான் குகை வாசலில் இறங்கினேன்.

பொர்ராவின் வாய் மிகப் பெரிது. வெளிச்சம் நிறைய தூரம் உள்ளே வருகிறது. படிகளில் இறங்க இறங்க சத்தம் மாறும். முதலில் கூட்டத்தின் கூச்சல், அப்புறம் வௌவாலின் கீச்சொலி, கடைசியில் சொட்டும் தண்ணீர். உள்ளே அழைத்துப்போனவர் பக்கத்துக் கிராமத்து இளைஞர். கூட்டத்தோடு இருந்தவரை எல்லா வழிகாட்டிகளும் காட்டுவதையே காட்டினார்: இது முனிவரின் தாடி, இது தாயும் குழந்தையும், இது முதலை, இது மனித மூளை. மேலே ஒரு துவாரம். அதன் வழியே ஒரு பசு உள்ளே விழுந்ததாம். தேடி வந்த மாட்டுக்காரர் பசு உயிரோடு நிற்பதையும் அருகே சிவலிங்கத்தையும் கண்டாராம். மகாசிவராத்திரிக்கு இங்கே கூட்டம் தாங்காது.

மற்றவர்கள் படமெடுக்க நின்றபோது, கூட்டம் பார்க்காமல் போகிற ஏதாவது ஒன்றைக் காட்டச் சொன்னேன். “வாங்க அக்கா” என்று ஓரமாகக் கூட்டிப்போய் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தார். கூரையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழல் தொங்கியது. குளிர்பான ஸ்ட்ராவைவிடப் பருமன் இல்லை. நுனியில் ஒரு துளி. விழவில்லை. அதன் விளிம்பில், ஒளி பட்டால் மட்டும் தெரிகிற மெல்லிய வளையமாகப் புதுக் கல் படிந்திருந்தது. மழைநீர் மேல்மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தபடி கீழே வருகிறது. குகையின் காற்றைத் தொட்டதும் அந்த வாயு பிரிந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிறது. ஒரு மில்லிமீட்டர் வளரவே பல ஆண்டுகள் பிடிக்கலாம். “தொடாதீங்க அக்கா, கையில் இருக்கிற எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் படியாது” என்றார். சற்றுத் தள்ளி, ஆட்கள் கை வைத்துக் கை வைத்துக் கறுத்துப்போன ஒரு தூணைக் காட்டினார். விளக்கு பொருத்திய இடங்களில் பாறை மேல் பாசி பச்சையாகப் பிடித்திருந்தது. சூரியன் எட்டாத இடத்தில் நாம் கொண்டுவைத்த வெளிச்சம் வளர்த்த பாசி.

காலையில் நாங்கள் வந்த ரயில் பாதை இந்தக் குகைக்கு மேலேதான் போகிறது என்பதையும் அவர்தான் சொன்னார். வெடி வைத்துப் போட்ட பாதை, தாது வண்டிகள் இரவும் பகலும் ஓடும் பாதை.

இந்த ஊர்களின் சுரங்கக் குத்தகைகள் பற்றி 1997-ல் வந்த தீர்ப்பைக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. “அதைக் கேட்கிறவங்க குறைவு அக்கா. எங்க அப்பா அந்தக் கூட்டங்களுக்கெல்லாம் போனவர்.”

பொர்ராவைச் சுற்றியுள்ள ஊர்களின் நிலத்திலும் காட்டிலும் கால்சைட் போன்ற தாதுக்களைத் தோண்ட அரசு தனியாருக்குக் குத்தகை கொடுத்திருந்தது. பட்டியல் பகுதிகளில் பழங்குடி அல்லாதவருக்கு நிலம் கைமாறக்கூடாது என்று ஆந்திராவில் 1959-லேயே ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. 1970-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். அந்தத் தடை அரசு தன் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்குப் பொருந்தாது என்பது எதிர்வாதம். ‘சமதா’ என்ற தொண்டு அமைப்பு வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 1997 ஜூலை 11 அன்று மூவர் அமர்வில் இருவர் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தார்கள்: தடை அரசையும் கட்டுப்படுத்தும், பட்டியல் பகுதியின் அரசு நிலத்தைத் தனியார் சுரங்க நிறுவனங்களுக்குக் கொடுத்தது செல்லாது. இந்தியாவில் ஆதிவாசி நில உரிமை பற்றிப் பேசுகிற யாரும் இந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் தாண்ட மாட்டார்கள். அது பிறந்த மண்ணில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். முதலையையும் மூளையையும் காட்டும் கையோடு இதையும் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தீர்ப்பு இப்படி வராமல் போயிருந்தால் இந்தக் குகையைச் சுற்றிலும் நாம் பார்ப்பது கல்குவாரியாக இருந்திருக்கலாம்.

வெளியே வந்தால் வரிசையாக மூங்கில் சிக்கன் கடைகள். மசாலா பிரட்டிய கோழித் துண்டுகளை மூங்கில் குழாயில் திணித்து, வாயை இலையால் அடைத்துத் தணலில் வைக்கிறார்கள். எண்ணெய் கிடையாது. மூங்கிலின் ஈரத்திலேயே வெந்துவிடுகிறது. சூடாகத் தட்டிக் கொட்டும்போது ஆவியோடு வரும் வாசனைக்காகவே ஒரு குழாய் வாங்கலாம். சைவர்களுக்குச் சுட்ட சோளம் உண்டு.

திரும்பும்போது பின் இருக்கையில் விசாகப்பட்டினத்துத் தம்பதி. உறவினரை ஊர் சுற்றிக் காட்ட வந்தவர்கள். இந்த மலைகளில் பிறக்கும் கோஸ்தனி நதியைப் பற்றிப் பேச்சு வந்தது. அது தாட்டிப்பூடி அணையில் தேங்கி, விசாகப்பட்டினத்துக்குக் குடிநீராகப் போகிறது. மிச்சம் பீமுனிப்பட்டினத்தில் கடலில் கலக்கிறது. “நாங்க குடிக்கிறது இந்தத் தண்ணியா?” என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டுக் கணவரைப் பார்த்தார். அதன் பிறகு பாக்ஸைட் பற்றியும் தீர்ப்பு பற்றியும் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு மலை இறங்கி முடியும்வரை வழிகாட்டி பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் ஜனவரி வரை ரயில் டிக்கெட் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். குகைப் படிகள் ஈரமாக இருக்கும். பிடிமானமுள்ள செருப்பும் சிறிய டார்ச்சும் அவசியம். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கிய படிகளை மறுபடி ஏற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அரக்கில் இரவு தங்கி, அவசரமாகப் பார்த்த அருங்காட்சியகத்தை நிதானமாகப் பாருங்கள். குகைக்கு உள்ளூர் வழிகாட்டியையே அமர்த்திக்கொள்ளுங்கள்; 1997-ஐப் பற்றி அவரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

(பயணம் தொடரும்)