ஒவ்வொரு பனைக்கும் ஒரு ருசி

யாழ்ப்பாணத்துப் பழம் என்றதும் எல்லோரும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத்தான் சொல்வார்கள். அதன் ருசிக்கு மறுப்பில்லை. ஆனால், ஊர்காவற்றுறை முதல் நயினாதீவு, நெடுந்தீவு வரை சுண்ணாம்புக்கல்லும் உவர்த் தண்ணீருமாகக் கிடக்கும் நிலத்தில், யாரும் நீர் ஊற்றாமலே நின்று காய்ப்பது பனை. ஆவணி, புரட்டாதியில் தொப்பென்று விழும் பனம்பழம்தான் தீவுகளின் சொந்தப் பழம்.

அதை ஒரே பழமென்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு வளவில் பத்துப் பெண்பனை நின்றால் பத்துக்கும் பத்து ருசி. ஒன்று இனிக்கும், பக்கத்தில் நிற்பது கைக்கும். ஒன்றில் களி வழியும், இன்னொன்றில் தும்புதான் மிஞ்சும். கைப்புக்குக் காரணமான பொருளுக்கு ஆய்வாளர்கள் ஃபிளாபெலிஃபெரின் என்று பெயரிட்டிருக்கிறார்கள். வீட்டுப் பெண்களுக்கோ பெயர் தேவைப்படவில்லை. எந்த மரத்துப் பழம் சுட்டுத் தின்ன, எது பணியாரத்துக்கு, எது மாட்டுக்கு என்று அவர்களுக்கு மனப்பாடம்.

பினாட்டு போடும் வீட்டில் இந்த அறிவின் அருமை தெரியும். பழத்தின் தோலை உரித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தும்பிலிருந்து களியைப் பிழிந்தெடுப்பார்கள். பந்தலில் விரித்த ஓலைப்பாயில் அதை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு, மறுநாள் அதன்மேலேயே இன்னொரு பூச்சு. இப்படி நாள் நாளாகத் தடித்து, கடைசியில் தோல்போல உரிந்துவரும். ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை. துண்டு போட்டுப் பனம்பாணியில் ஊறவிட்டால் பாணிப் பினாட்டு. கடையில் விற்கும் எந்த இனிப்பும் அதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

நல்ல மாமரம் ஒன்று பட்டுப்போனாலும் அதன் ஒட்டுக்கன்று வேறொரு வளவில் நிற்கும். பனையை ஒட்டுக்கட்ட முடியாது. விதை போட்டுத்தான் வளர்க்க வேண்டும். பூக்க 12 முதல் 20 வருடம் ஆகும். ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். ஆகவே ஒரு மரம் தறிபட்டால் அந்த ருசி அதோடு சரி. போர்க்காலத்தில் வடக்கெங்கும் காவலரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் தீவுச் சனமும் பெருமளவில் இடம்பெயர்ந்தது. நின்ற மரங்களைக்கூட இன்னதென்று சொல்ல ஆளில்லாத வளவுகள் இன்று எத்தனையோ.

1978 முதல் பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. கைதடியில் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆனாலும் உங்கள் வளவில் எந்தப் பனை இனிக்கும் என்பதை உங்கள் அம்மம்மாதான் சொல்ல வேண்டும். இந்த ஆவணியில் ஊருக்குப் போனால் அவரைக் கேளுங்கள். மரத்தில் அடையாளம் போடுங்கள். அதன் கொட்டைகளை எல்லாம் கிழங்குப் பாத்திக்கு அனுப்பாமல், நாலைந்தையாவது வேலியோரம் புதைத்துவிட்டு வாருங்கள். தாயின் ருசி அப்படியே வரும் என்று உறுதி சொல்ல முடியாது. புதைக்காவிட்டால் வராது என்பது மட்டும் உறுதி.