உங்களுக்குத் தெரியுமா? கடை சாத்திய பிறகு எழுதிய நாவல்கள்

ராஜபாளையத்துக்குக் கிழக்கே, கரிசல் மண்ணில் மேலாண்மறைநாடு என்று ஒரு ஊர். அந்த ஊரில் ஒருவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டார். சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்துப் பிழைத்தார். 2007இல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார். மேலாண்மை பொன்னுச்சாமிதான் அவர். பெயருக்கு முன்னால் இருக்கும் ‘மேலாண்மை’ நிர்வாகத்தைக் குறிப்பது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அது அவருடைய ஊர்ப் பெயரின் சுருக்கம்.

விருது பெற்ற ‘மின்சாரப் பூ’ சிறுகதைத் தொகுப்பு. ஆனால் ‘முற்றுகை’, ‘அச்சமே நரகம்’, ‘ஊர்மண்’ என்று நாவல்களும் எழுதினார். கடை வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு நாளில் அவர்களுக்குச் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் கிடைக்காது. காலையில் காட்டுக்குப் போகிறவர் பீடிக்கட்டு கேட்பார், பொழுது சாய்ந்தால் புளியும் மண்ணெண்ணெயும் கேட்டு வருவார்கள், நடுவில் கடன் நோட்டு வேறு. அந்த வாழ்க்கையில் இருந்துகொண்டு ஒருவர் இருபதுக்கு மேல் புத்தகம் எழுதியிருக்கிறார். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தை 1975இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 2017 அக்டோபரில் காலமானார். எழுத நேரமில்லை என்று நான் சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கடைதான் என் கண்முன் வந்து நிற்கும்.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கிய பொது நூலகம் ஒன்று இன்றைக்கும் இயங்குகிறது. பென்னிங்டன் நூலகம். அன்றைக்கு இந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது, பென்னிங்டன் அதன் கலெக்டர். நூற்றைம்பது வருஷமாகப் படிக்கிற இடம் கையெட்டும் தூரத்தில் இருப்பது, எழுதுகிறவனுக்குச் சொத்து இருப்பது போல.

*

கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்த மால்யத’ ஆண்டாளின் கதை. அது நடக்கிற ஊர் வில்லிபுத்தூர். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? பக்கத்து ஊரிலிருந்துதான். ராஜபாளையத்து மு. கு. ஜகந்நாத ராஜா. சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசு இந்த நூலுக்குக் கிடைத்தது. வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வளர்கிற ராஜுக்கள் ராஜபாளையத்தில் ஏராளம். அவர் அதோடு நிற்கவில்லை. சமஸ்கிருதம், பிராகிருதம் என்று பல மொழி கற்றார். விஜயநகரத்து அரசர் நம் ஊர்ப் பெண்ணைப் பற்றி எழுதிய காவியம், சுமார் ஐந்நூறு வருஷம் கழித்து, பஸ்ஸில் அரை மணியில் வந்துவிடக்கூடிய ஊரிலிருந்து நமக்குத் திரும்பி வந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

*

ராஜபாளையத்துக்காரர் கொ. மா. கோதண்டத்துக்கு ‘குறிஞ்சிச் செல்வர்’ என்று பட்டம். மேற்கே தெரிகிற மலையில் வாழும் பளியர்களிடம் போய்ப் பழகி, அவர்கள் வாழ்க்கையைக் கதைகளாகவும் நாவலாகவும் எழுதினார். ‘குறிஞ்சாம்பூ’ அப்படிப் பிறந்த நாவல். ‘காட்டுக்குள்ளே இசைவிழா’ என்ற சிறுவர் நூலுக்கு 2012இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. அவர் துணைவியார் ராஜேஸ்வரி கோதண்டமும் எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர்.

‘காடு’ என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கரிசல் பக்கம் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் வயல் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். மிளகாயும் பருத்தியும் விளைகிற மானாவாரி நிலம்தான் காடு. யானையும் மலை அணிலும் இருக்கிற இடமும் காடுதான், அதை ‘மலை’ என்றும் சொல்வார்கள். ராஜபாளையம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. கிழக்கே பார்த்தால் ஒரு காடு, மேற்கே பார்த்தால் இன்னொரு காடு. இந்த ஊர்க் கதையில் ஒருத்தி ‘காட்டுல இருக்கேன்’ என்று சொன்னால் அவள் எந்தத் திசையில் நிற்கிறாள் என்பதை எழுதுகிறவன் முதலில் தீர்மானித்தாக வேண்டும்.

*

இப்போது என் கதை கொஞ்சம். பகலில் பேண்டேஜ் துணி வாங்கி விற்கிற ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற துணி நிறைய நெய்யப்படுவது ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். என் நாவலும் அந்தத் தறிகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. காலை நாலு மணிக்கு எழுந்து ஆறு மணி வரை எழுதுவேன். நல்ல நாளில் ரெண்டு பக்கம் தேறும். சிவகாசிக்குப் பக்கத்தில் இருப்பதால் பழைய டைரிகளுக்குப் பஞ்சமே இல்லை. தேதி போன டைரி பாதி விலைக்குக் கிடைக்கும், கோடு போட்டது, நல்ல தாள்.

போன வருஷம் பதினோரு அத்தியாயத்தைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தேன். நல்ல மனசுக்காரர். ஆனால் பிழை திருத்துவதாக நினைத்து, ‘வாரேன்’ என்று இருந்த இடமெல்லாம் ‘வருகிறேன்’ என்று மாற்றிவிட்டார். ‘கம்மா’ என்பது ‘ஏரி’யாகிவிட்டது. ‘மதினி’ ‘அண்ணி’யாகிவிட்டாள். என் பாத்திரங்கள் எல்லாரும் ஒரே ராத்திரியில் வேறு ஜில்லாவுக்குக் குடிபோன மாதிரி இருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிக் கொண்டுவர மூன்று மாசம் ஆயிற்று. நடுவில் ஒருநாள் உட்கார்ந்து அழுதேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கி. ராஜநாராயணன் 1982இல் ‘கரிசல் வட்டார வழக்கு அகராதி’ கொண்டுவந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் உறைத்தது. பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை இடைசெவல் என்ற கிராமத்து விவசாயி தொடங்கிவைத்தார். இன்று தட்டச்சுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டோடும் ஒரு துண்டுத்தாள் வைக்கிறேன்: ‘இதில் உள்ள பேச்சைத் திருத்த வேண்டாம். அது பிழையில்லை.’

*

‘குறிஞ்சி மலர்’ எழுதிய நா. பார்த்தசாரதி பிறந்தது சிவகாசிப் பக்கம் நதிக்குடி. கல்கியில் அந்தத் தொடர் வந்தபோது ‘மணிவண்ணன்’ என்ற பெயரில் எழுதினார். அதைப் படித்தவர்கள் அதில் வரும் அரவிந்தன், பூரணி பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். ‘சமுதாய வீதி’க்கு 1971இல் சாகித்திய அகாதமி விருது.

*

கோவில்பட்டிப் பக்கத்துப் பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர். அவருடைய ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். 1895இல் கழுகுமலையில் நடந்த கலவரம், 1899இல் சிவகாசியில் நடந்த கொள்ளை இரண்டும் அதில் வருகின்றன. 2012இல் வெளிவந்து 2014இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதற்காக ஆவணங்களைத் தோண்டியும் ஊர் ஊராக விசாரித்தும் வேலை செய்தார். நாவல் எழுதுகிறவர் இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பவர்கள், அந்தப் புத்தகத்தை ஒருமுறை கையில் தூக்கிப் பார்க்க வேண்டும்.

*

பாரதியார் ‘சந்திரிகையின் கதை’யை முடிக்கவில்லை. புதுமைப்பித்தன் ‘அன்னை இட்ட தீ’யை முடிக்கவில்லை. பாதியில் நிற்கிற நாவல் யார் வீட்டிலாவது இருந்தால் அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

*

நாவலின் கடைசியில் ரெண்டு மூணு வெற்றுப் பக்கம் இருக்கிறதே, ஏன் தெரியுமா? அச்சில் கணக்கு பக்கமாக வராது, பாரமாக வரும். ஒரு பாரம் பதினாறு பக்கம். 256 பக்கம் என்றால் சரியாகப் பதினாறு பாரம். 250இல் கதை முடிந்தால் மிச்சம் ஆறு பக்கம் சும்மா நிற்கும். 258இல் முடிந்தால் வந்தது சங்கடம். அந்த ரெண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரமா, இல்லை எங்காவது ரெண்டு பக்கம் வெட்டலாமா என்று அச்சகத்தில் நின்றுகொண்டு யோசிக்க வேண்டும். கதை கேட்கிறது என்றால் நான் வெட்ட மாட்டேன். காசு போனாலும் போகட்டும்.

காசு என்றதும் இன்னொரு கணக்கு. பதிப்பகம் போட்டால் எழுதியவருக்கு விலையில் பத்து சதவீதம் என்பது பொதுவான வழக்கம். 300 ரூபாய் புத்தகம் 300 படி விற்றால் கைக்கு வருவது 9,000 ரூபாய். நாலு வருஷ விடிகாலைக்கு 9,000. அதனால்தான் தாங்களே அச்சடித்து விற்கிற நாவலாசிரியர்கள் பெருகிவிட்டார்கள். தேவைக்கு ஏற்ப அச்சிடும் முறை வந்தபின் ஐம்பது படிகூடப் போட முடிகிறது. ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய அரசு அமைப்பு காசு வாங்காமல் தருகிறது. எழுத்தாளரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். எண் வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள்.

*

தன் புத்தகத்தைத் தானே போடுவது புதுப் பழக்கமில்லை. சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையை 1959இல் சொந்தக் கைக்காசில் தொடங்கினார். புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகமாக 1997இல் தாமே வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. மறு வருஷம் காலமாகிவிட்டார். அந்த நாவலுக்கு அகாதமி விருது வந்தது 2001இல். அவர் கையில் கொடுக்க முடியாமல் போன விருது அது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

*

1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது: இந்தியாவில் யார் புத்தகம் வெளியிட்டாலும் முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். ராஜபாளையத்துச் சந்துக்குள் ஐம்பது படி போட்ட நாவலுக்கும் இது பொருந்தும். பலர் இதைச் சுமையாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். நாலு படிதானே, அனுப்பிவிடுங்கள். நம் வீட்டுப் படியைக் கரையான் தின்றாலும் கன்னிமாராவில் ஒன்று இருக்கும்.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதையும் இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எழுதிய நிமிஷமே அது எழுதியவருடையது. அவர் காலத்துக்குப் பிறகும் அறுபது வருஷம் வாரிசுகளுக்குச் சேரும்.

*

தறிக்கூடத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே காதால் கேட்டுப் பேச முடியாது. வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். சத்திரப்பட்டித் தெருவில் நடந்தால் வீட்டுச் சுவர் வழியாகவே அந்தச் சத்தம் வரும். கரண்டு போனால் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கும். அப்போது தெருக்கோடியில் ஒரு குழந்தை அழுவது கேட்கும், யாரோ மாவாட்டுவது கேட்கும். என் பன்னிரண்டாவது அத்தியாயம் அந்த மௌனத்தில் தொடங்குகிறது. தறி நின்ற நேரம் பார்த்து ஒருத்தி, பல நாளாகச் சொல்ல நினைத்ததைப் பக்கத்துத் தறிக்காரியிடம் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறக்கும் முன்னால் கை என்ன செய்யும் என்பதில்தான் நாலு நாளாக நிற்கிறேன். அறுந்த பாவு இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எழுதினேன். அந்த முடிச்சுக்கு விரலை எச்சில் தொட்டுக்கொள்வார்களா, அப்படியே திரித்து விடுவார்களா?

கணக்கு எழுதுகிற எனக்கு அது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய், முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிற மதினி ஒருவரிடம் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். ‘இதுக்கா வாரீக?’ என்று போனிலேயே சிரித்தார். கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போக வேண்டும்.