படத்தைக் கடைசியில் பாருங்கள்

லண்டன் பங்குச் சந்தையின் தந்தி அலுவலகத்தில் 1872, 1873 ஆண்டுகளில் ஒரு மோசடி ஓசையில்லாமல் நடந்தது. தந்தி கொடுக்க வருபவர் கட்டணத்தைக் கட்டுவார். அதற்குரிய பச்சை நிற ஒரு ஷில்லிங் தபால் தலையைப் படிவத்தில் ஒட்டி முத்திரை குத்துவார்கள். அங்கே ஒட்டப்பட்டவற்றில் பல போலி. முத்திரை விழுந்த படிவத்தை அதன்பின் யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? செய்தவர் யாரென்று கடைசிவரை பிடிபடவில்லை. 1898-இல்தான், பழைய படிவங்களிலிருந்து வந்த தலைகளைப் புரட்டிக்கொண்டிருந்த சார்லஸ் நிஸ்ஸென் என்ற வணிகர் அதைக் கண்டுபிடித்தார்.

அரசியின் முகமோ எழுத்தோ காட்டிக்கொடுக்கவில்லை. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரிய வேண்டிய நீர்க்குறி இல்லை. மூலைகளில் இருக்கும் சிறு எழுத்துகளிலும் தவறு இருந்தது. தாளில் ஒவ்வொரு தலைக்கும் அதன் இடத்தைச் சொல்லும் எழுத்து ஜோடி உண்டு. உண்மையான தாளில் இருக்கவே முடியாத ஜோடிகள் சில போலிகளில் இருந்தன.

பழைய தலைகளைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் படத்தைத்தான் பார்க்கிறார்கள். போலி செய்பவனும் தன் உழைப்பையெல்லாம் அங்கேதான் கொட்டுகிறான். ஆகவே படத்தைக் கடைசியில் பாருங்கள் என்பேன். காகிதம், அச்சடித்த முறை, ஓரம், முத்திரை எல்லாவற்றையும் முடித்துவிட்டு முகத்துக்கு வரலாம்.

இதைப் பழகிக்கொள்ள இந்தியாவின் 1854-ஆம் ஆண்டுத் தலைகளைவிட நல்ல பாடம் கிடையாது. அவை இங்கிலாந்திலிருந்து வந்தவை அல்ல. கல்கத்தாவில் நில அளவைத் துறையின் வரைபடங்களை அச்சடித்துவந்த அலுவலகத்தில், கேப்டன் தூலியர் பொறுப்பில் அச்சானவை. முனீருத்தீன் என்ற கலைஞர் செப்புத் தகட்டில் செதுக்கிய உருவத்தைக் கல்லுக்கு மாற்றி, அரையணாத் தலைகளைத் தாளுக்கு 96 வீதம் எடுத்தார்கள். முதலில் அரையணாவைச் சிவப்பில்தான் அச்சடித்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த சிவப்பு மை தீர்ந்துபோனது. உள்ளூர் மை சரிப்படவில்லை. நீலத்துக்கு மாறினார்கள். வெளியிடப்படாத அந்தச் சிவப்புத் தலையின் பக்கவாட்டில் ஒன்பதரை வளைவுகள்; விற்பனைக்கு வந்த நீலத்தில் எட்டு. லென்ஸை எடுத்து எண்ணிப் பார்த்தால் போதும், பேச்சுக்கு இடமில்லை.

கல்லச்சில் மை காகிதத்தின்மேல் தட்டையாகப் படியும். செதுக்கிய தகட்டில் அச்சான பென்னி பிளாக்கில், அதாவது இங்கிலாந்தின் 1840-ஆம் ஆண்டுக் கருப்புத் தலையில், மை மெல்லிய மேடாக நிற்கும். 1854-இன் பச்சை நிற இரண்டணா கல்கத்தா நாணயச்சாலையில் உலோக அச்சில் தயாரானது. அந்த முறையில் அழுத்தத்தால் மை கோட்டின் விளிம்பில் ஒதுங்கும், பின்புறம் லேசாகப் புடைக்கும். பழைய போலிகளில் பெரும்பாலானவை கல்லச்சு. ஆகவே பென்னி பிளாக்கில் மை தட்டையாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அரையணாவில் இந்தச் சோதனை உதவாது, அசலே கல்லச்சு என்பதால். கல்லுக்கு மாற்றும்போது ஒவ்வோர் இடத்திலும் விழுந்த சிறு கீறல், புள்ளி, உடைந்த கோடு ஆகியவற்றை ஒப்பிட்டு, இந்தத் தலை தாளில் எந்த இடத்தது என்று நிறுவ வேண்டியிருக்கும். கண்ணைக் கெடுக்கும் வேலைதான். ஆனால் இதில் கிடைக்கும் உறுதி வேறெதிலும் கிடைக்காது.

நீர்க்குறியிலும் அப்படியே. ஷில்லிங் தலையில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. அது இல்லையென்றால் போலி. 1854 தாளிலோ கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் தாள் முழுவதையும் நிறைத்துப் பெரிதாக இருந்தது. ஒரு தலைக்கு அதில் ஒரு துண்டு கிடைக்கும், அல்லது ஒன்றுமே கிடைக்காது. குறி தெரியவில்லை என்பதற்காக நல்ல அரையணாவைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

அதே ஆண்டு அக்டோபர் 15-இல் வந்த நாலணா, சிவப்பில் சட்டமும் நீலத்தில் அரசியின் தலையுமாக இரண்டு முறை அச்சுக்குப் போனது. சில தாள்களில் அரசியின் தலை கீழ்மேலாக விழுந்துவிட்டது. உலகச் சேகரிப்பாளர்கள் ஏங்கும் பிழை அது; போலிகளை ஈர்ப்பதும் அதுவே. முதல் அச்சில் தாளுக்கு 12 தலைகள்தான். இடைவெளிகளில் நீல நெளிகோடுகள் ஓடும். எண்கோண வடிவத்தை ஒட்டி வெட்டிவிட்ட தலைகளில் அந்தச் சாட்சியும் போய்விடுகிறது என்பது பெரிய இழப்பு.

இதற்கு முன்பே, 1852 ஜூலை 1-இல், சிந்து மாகாண ஆணையர் பார்ட்டில் ஃப்ரேர் வெளியிட்ட சிந்து டாக் ஆசியாவின் முதல் தபால் தலை. அரக்கு, வெள்ளை, நீலம் என்று மூன்று வகை. சிவப்பு அரக்கில் செய்தவை எளிதில் நொறுங்கின, எஞ்சியவை சொற்பம். துளி வெடிப்பும் இல்லாத அரக்குத் தலையை யாராவது நீட்டினால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

போலி செய்பவர்களில் ஜான் த ஸ்பெராட்டியை யாரும் மிஞ்சியதில்லை. இத்தாலியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். விலை மலிந்த உண்மையான பழைய தலையை எடுத்து, அதன் மையை ரசாயனத்தால் வெளுத்துவிட்டு, வெற்றுக் காகிதத்தில் விலை உயர்ந்த தலையின் உருவத்தைப் புகைப்பட முறையில் அச்சிடுவார். காகிதம் அசல், நீர்க்குறி அசல், துளைகள் அசல், சில சமயம் முத்திரையும் அசல். 1942-இல் லிஸ்பனுக்கு அவர் அனுப்பிய தலைகளைப் பிரெஞ்சு சுங்கத் துறை பிடித்து, மதிப்புமிக்க பொருளைச் சொல்லாமல் அனுப்பியதாக வழக்குப் போட்டது. அவை அசலே என்று நிபுணர்கள் சான்று சொன்னார்கள். தானே செய்த போலிகள் என்று நிரூபிக்க வேண்டிய நிலை அவருக்கு! 1954-இல் தன் சரக்கைப் பிரிட்டிஷ் தபால் தலைச் சங்கத்துக்கு விற்றுவிட்டார். அந்தச் சரக்கை ஆராய்ந்துதான் அவருடைய வேலையின் அடையாளங்களைப் பட்டியலிட முடிந்தது. காகிதத்தில் ஜெயித்த அவரும் அச்சு முறையில் மாட்டிக்கொண்டார்: செதுக்கிய தகட்டின் மேடு அவருடைய அச்சில் வராது.

மறு அச்சு வேறு கதை. இங்கே உருவமும் தகடும் உண்மை, காலம்தான் பொய். அரச குடும்பத்தினர் பென்னி பிளாக் கேட்டபோது கையிருப்பு இல்லாததால், 1864-இல் 66-ஆம் எண் தகட்டில் கருப்பு மை பூசி அச்சடித்துக் கொடுத்தார்கள். அது சிவப்புப் பென்னிக்கான தகடு. காகிதத்திலும் 1840-இன் சிறிய கிரீடத்துக்குப் பதில் பெரிய கிரீடம். 1890-களில் நிக்கோலஸ் சீபெக் நிகராகுவா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், ஈக்வடார் நாடுகளுக்குத் தலைகளை இலவசமாக அச்சிட்டுக் கொடுத்தார். மீதித் தலைகளையும், பின்னர் அதே தகடுகளிலிருந்து சேகரிப்பாளர்களுக்கு அச்சடித்து விற்கும் உரிமையையும் அதற்கு ஈடாகப் பெற்றார். மறு அச்சு என்று சொல்லி விற்றால் வாங்குவதில் தவறே இல்லை. நானும் விரும்பி வைத்திருக்கிறேன். மூல அச்சு என்று விற்றால் அது மோசடி.

அசலையே கெடுத்துச் செய்யும் வேலையும் உண்டு. இலங்கையின் 1859-ஆம் ஆண்டு நாலு பென்ஸ் ரோஜா நிறத் தலை, துளையில்லாமல் வந்ததால் பெருமதிப்புள்ளது. பின்னால் துளையோடு வந்ததன் பற்களைக் கத்தரித்துவிட்டு அந்த விலை கேட்பார்கள். நாலு பக்கமும் தாராளமான ஓரம் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். சிங்கப்பூர் இந்தியத் தலைகளைப் பயன்படுத்திய காலத்து ‘பி 172’ முத்திரை விழுந்தால் சாதாரணத் தலைக்கும் மதிப்பு ஏறும். ஆகவே முத்திரையையே போலியாகக் குத்துகிறார்கள்.

புற ஊதா விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அழித்த பேனாக் கோடும், ஒட்டுப்போட்ட மூலையும் அதன் கீழே பெரும்பாலும் வெளிப்படும். 1850-களின் காகிதம் பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால், வெளுப்பூட்டி கலந்த இக்காலத்துக் காகிதம் என்று முடிவு கட்டலாம்.

விலை அதிகமென்றால் நிபுணர் குழுவின் சான்றிதழ் தேவை. லண்டன் ராயல் தபால் தலைச் சங்கத்தின் குழு 1894-இலிருந்து இதைச் செய்கிறது. சான்றிதழ் பாதகமாக வந்தால் பணம் திரும்ப வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே சான்றிதழோடு வரும் தலை என்றால், அதில் ஒட்டியுள்ள புகைப்படத்தை லென்ஸ் வைத்துத் தலையோடு ஒப்பிடுங்கள்: நாலு ஓரங்களின் அகலம், முத்திரை விழுந்த கோணம், இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். நல்ல சான்றிதழில் வேறு தலையை வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.