ஆல்கோவின் வாரிசு: வாராணசி டீசல் என்ஜின் ஆலை

இந்திய ரயில்வேயின் முதன்மைப் பாதைகளுக்கு டீசல் என்ஜின்கள் 1950களின் இறுதியில் வந்தன. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் அனுப்பிய நூறு டபிள்யூடிஎம்-1 என்ஜின்கள் அவை. சித்தரஞ்சன் ஆலையில் நீராவி என்ஜின் தயாரிப்பு மும்முரமாக நடந்த காலம் அது. ஆனால் கனிமமும் நிலக்கரியும் ஏற்றிய நீண்ட சரக்கு ரயில்களை இழுக்க நீராவியின் வலு போதவில்லை. எத்தனை காலம்தான் என்ஜின்களை இறக்குமதி செய்வது? அந்த ஆல்கோவோடே தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்து, 1961இல் வாராணசியில் டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் நிறுவப்பட்டது.

1964 ஜனவரியில் முதல் என்ஜின் வெளிவந்தது. 2,600 குதிரைத்திறனும் பதினாறு சிலிண்டரும் கொண்ட டபிள்யூடிஎம்-2. இவ்வகை என்ஜினில் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரை ஓட்டுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் பொருத்திய ஆறு மோட்டார்களுக்குப் போகிறது. எக்ஸ்பிரஸ், பாசஞ்சர், சரக்கு என எதையும் இழுக்கும் இந்த என்ஜின் இந்தியத் தண்டவாளங்களில் 2,600க்கு மேல் பெருகியது. வேகம் கூட்டும்போது அது கக்கும் கரும்புகை ரயில் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கே பழக்கமானது. மீட்டர் கேஜுக்கென வாராணசி கட்டிய ஒய்டிஎம்-4 என்ஜின்கள் பொன்மலை டீசல் ஷெட்டிலிருந்து கிளம்பி, தமிழகத்தின் மீட்டர் கேஜ் ரயில்களைப் பல்லாண்டு இழுத்தன.

ஆல்கோ 1969இல் என்ஜின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. கற்றுக்கொடுத்தவர் கடையை மூடியபின், கற்றவர் தொழிலைத் தாங்கி நடத்தினார். வாராணசி ஆலையின் உண்மையான சாதனை இதுவே. லக்னோவின் ஆர்டிஎஸ்ஓ ஆய்வு அமைப்போடு சேர்ந்து ஆல்கோவின் 251 வகை டீசல் என்ஜினை மெல்ல மெல்ல மெருகேற்றி, 3,100, 3,300 குதிரைத்திறன் வரை உயர்த்தினார்கள். டான்சானியாவுக்கு 1976இல் முதல் ஏற்றுமதி நடந்தது. இலங்கைக்கு 1996இல் எம்8 என்ஜின்கள் போய்ச் சேர்ந்தன.

பழைய வடிவத்தையே மெருகேற்றி வந்ததற்கு ஒரு விலையும் இருந்தது. உலகம் மூன்று கட்ட மாறுமின் மோட்டார்களுக்குத் தாவியபோது, வாராணசி முப்பது ஆண்டுப் பழைய அடிப்படை வடிவத்திலேயே நின்றது. அந்த இடைவெளியை நிரப்ப, 1995இல் ஜெனரல் மோட்டார்ஸின் இஎம்டி பிரிவோடு ஒப்பந்தமானது. அதில் வந்த 4,000 குதிரைத்திறன் டபிள்யூடிஜி-4 சரக்கு என்ஜினில் சக்கரம் வழுக்குவது குறைந்தது. பாரம் இழுக்கும் திறன் கூடியது.

பின்னர் பாதைகள் வேகமாக மின்மயமாயின. டீசலுக்கான தேவை சுருங்கியது. 2010களின் பிற்பகுதியில் ஆலை மின்சார என்ஜின்களைக் கட்டத் தொடங்கியது. பழைய டீசல் சரக்கு என்ஜின்கள் இரண்டை 10,000 குதிரைத்திறன் கொண்ட இரட்டை மின்சார என்ஜினாக மாற்றியும் காட்டியது. 2019 பிப்ரவரியில் அது பயணம் தொடங்கியது. 2020 அக்டோபரில் பெயர் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்றானது. பெயரில் டீசல் போனாலும் தொழிலிலிருந்து அது முற்றிலும் போய்விடவில்லை: 2021இல் மொசாம்பிக்கின் கேப் கேஜ் பாதைக்காக 3,000 குதிரைத்திறன் டீசல் என்ஜின்கள் இந்த ஆலையிலிருந்தே கப்பலேறின.