விதவைக்கு உதவித்தொகை உண்டு, கடன் கிடையாது: பிரித்தானியாவில் துணையை இழந்தவர்கள் அறியவேண்டியவை

"மருமகன் லண்டனில் தவறிவிட்டார். மகள் பிள்ளைகளோடு தனியே நிற்கிறாள். அரச உதவி கேட்கக் கூடாது என்று விசாவில் எழுதியிருக்கிறதாம். கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?"

நாவுலயிலிருந்தும் மாத்தளையின் மற்ற ஊர்களிலிருந்தும் வரும் கடிதங்கள் சுற்றிச்சுற்றி இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் கேட்கலாம். கேட்டதற்காக விசா போகாது. கணவர் இறந்த 3 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் முழுத்தொகையும் கிடைக்கும். அதற்குப் பிறகு தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதக் கொடுப்பனவு போகும். 12 மாதம் தாண்டினால் தொடக்கத்தில் மொத்தமாகத் தரும் தொகையும் போகும். 21 மாதம் தாண்டினால் எதுவுமே கிடையாது.

நான் சொல்வது 'பெரீவ்மென்ட் சப்போர்ட் பேமென்ட்' எனப்படும் மரண ஆதரவுக் கொடுப்பனவு. 2017 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ளது. இறந்தவர் ஏதாவது ஒரு வரி ஆண்டில் 25 வாரங்களாவது நேஷனல் இன்சூரன்ஸ் எனும் தேசியக் காப்புறுதிப் பங்களிப்புக் கட்டியிருந்தால், அல்லது வேலையில் நேர்ந்த விபத்தினாலோ தொழில்சார் நோயினாலோ இறந்திருந்தால், அரச ஓய்வூதிய வயதை எட்டாத அவருடைய துணைக்கு இது உரியது. சம்பளம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். பங்களிப்பின் பேரில் வருவதால் குடிவரவுச் சட்டம் சொல்லும் 'பொது நிதி'ப் பட்டியலில் இது சேராது. விசாவில் உள்ள தடை அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும்தான். ஆனால் விசாவில் குறிப்பிடப்பட்டிருப்பது தடை மாத்திரமே. எது பட்டியலில் இல்லை என்பதை அங்கே யாரும் எழுதி வைப்பதில்லை. அந்த மௌனத்தினால் உரிமை உள்ளவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

பிள்ளைகள் இருந்தும் பிள்ளையில்லாதவர் தொகை

இந்தக் கொடுப்பனவில் இரண்டு படிகள் உண்டு. பிள்ளைகள் உள்ளவருக்கு முதலில் 3,500 பவுண், பிறகு மாதம் 350 வீதம் 18 மாதம்: மொத்தம் 9,800. மற்றவர்களுக்கு முதலில் 2,500, பிறகு மாதம் 100: மொத்தம் 4,300. 'பிள்ளைகள் உள்ளவருக்கு உயர்ந்த தொகை' என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சட்டத்தில் எழுதியிருப்பது வேறு. கணவர் இறந்தபோது கர்ப்பிணியாக இருந்தவருக்கு, அல்லது 'சைல்ட் பெனிஃபிட்' எனும் பிள்ளைக் கொடுப்பனவுக்கு உரித்துடையவருக்கு மட்டுமே உயர்ந்த படி.

பிள்ளைக் கொடுப்பனவோ பொது நிதிப் பட்டியலில் இருக்கிறது. தடை உள்ள விசாவில் இருப்பவருக்கு அதில் உரித்தில்லை. உரித்தில்லாததால் உயர்ந்த படியும் இல்லை. கணவர் பக்கத்து வீட்டுக்காரரைப் போலவே சம்பளத்தில் பங்களிப்புக் கட்டியிருப்பார், பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். ஆனாலும் நம் பெண்ணுக்கு 5,500 பவுண் குறைகிறது. பங்களிப்பினால் வரும் உரிமை என்று ஒரு கையால் தந்துவிட்டு, குடிவரவு நிபந்தனை என்று மறு கையால் எடுத்துக்கொள்கிறார்கள். பராமரிப்பு வேலை விசாவை எடுத்துக்கொண்டால், அந்த வேலையாட்கள் குடும்பத்தை அழைத்துவர 2024 மார்ச் 11 முதல் தடை வந்தது. வெளிநாட்டிலிருந்து அவ்வேலைக்குப் புதிதாக ஆளெடுப்பது 2025 ஜூலை 22 உடன் நின்றது. அந்தத் துறையில், தடைக்கு முன்பே குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தவர்களைத்தான் உயர்ந்த படி பற்றிய இந்த விதி இப்போது தாக்குகிறது.

கீழ்ப் படியில் தந்தார்கள் என்று விட்டுவிட வேண்டாம். கர்ப்பம், விசா வகை, நிபந்தனை நீங்கிய திகதி ஆகிய மூன்றையும் சரிபார்த்து, தவறு இருந்தால் மீள்பரிசீலனை கேளுங்கள்.

கடன் ஏன் இல்லை

உதவித்தொகை வாங்குகிறவருக்கு அரசாங்கக் கடனும் கிடைக்கும் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். வட்டியில்லாத 'பட்ஜெட்டிங் லோன்' பென்ஷன் கிரெடிட் போன்ற, வருமானம் பார்த்துத் தரும் கொடுப்பனவொன்றை 6 மாதம் பெற்றவருக்கே. குறைந்த வருமானக்காரருக்கான யுனிவர்சல் கிரெடிட் பெறுபவருக்கு அதற்கு ஈடாக 'பட்ஜெட்டிங் அட்வான்ஸ்' எனும் முற்பணம் உண்டு. பிள்ளைகள் உள்ளவருக்கு அதன் உச்சவரம்பு 812 பவுண். மரண ஆதரவுக் கொடுப்பனவு வருமானம் பார்க்காமல் தருவது என்பதால் அது இந்தக் கடன்களுக்குத் தகுதி ஆகாது. விசாத் தடை உள்ளவருக்கு யுனிவர்சல் கிரெடிட்டே இல்லை, ஆகவே முற்பணமும் இல்லை.

நிரந்தர வதிவிடம் உள்ள விதவைகளுக்கும் சிக்கல் உண்டு. கடந்த 6 மாதத்தில் 2,600 பவுணுக்குமேல் உழைத்திருந்தால் முற்பணம் கிடையாது. வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்ணை விலக்கிவைத்துவிட்டு, இதை 'அவசரத் தேவைக்கான உதவி' என்று அழைப்பது சரியல்ல. ஆனால் ஓர் ஆறுதல்: புதிய மரணக் கொடுப்பனவை யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் வருமானமாக எடுப்பதில்லை. 2017 ஏப்ரல் 6 க்கு முன் துணையை இழந்தவர்கள் பெறும் பழைய விதவைப் பெற்றோர் கொடுப்பனவை மட்டும் வருமானமாக எண்ணி, பவுணுக்குப் பவுண் கழிக்கிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பிறகு எங்கே கேட்பது

முதலில் உள்ளூராட்சி மன்றத்தின் சிறுவர் சேவைப் பிரிவு. இங்கிலாந்தில் 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி, தேவையில் உள்ள பிள்ளையின் குடும்பத்துக்கு இருப்பிடமும் செலவுக்குப் பணமும் தர மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இது பொது நிதியும் அல்ல. 'உங்கள் விசாவுக்கு உதவியில்லை' என்று முன்மேசையில் சொன்னால் திரும்பிவிட வேண்டாம். பிள்ளையின் தேவையை மதிப்பிடும்படி எழுத்தில் கேளுங்கள், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது இறந்தவரின் வேலைத்தலம். பாக்கிச் சம்பளம், எடுக்காத விடுமுறைக்கான பணம், தொழில் ஓய்வூதிய நிதியில் சேர்ந்த தொகை, பணியில் இருக்கும்போது இறந்தால் தரும் காப்புத் தொகை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் எல்லாம் வந்து சேரும் என்று இருந்துவிடக் கூடாது.

மூன்றாவது நன்கொடை. 'கெயார் வேர்க்கர்ஸ் சரிட்டி' பராமரிப்புத் துறையில் உழைப்பவர்களுக்கு நெருக்கடி நேரத்தில் பணம் தருகிறது. 'டேர்ன்டுஅஸ்' அமைப்பு பொருத்தமான நன்கொடை நிதிகளைத் தேடிக் கொடுக்கிறது. இவை திருப்பிக் கட்டவேண்டிய பணம் அல்ல.

கடன்தான் வேண்டுமென்றால் 'கிரெடிட் யூனியன்'. நம் ஊர்ச் சிக்கனக் கடனுதவிச் சங்கம் போன்றது. பிரித்தானியாவில் அதன் வட்டி மாதம் 3 வீதத்தைத் தாண்ட முடியாது. தெரிந்தவர் என்று கைக்கடன் தந்து பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பவரிடம் போகவே வேண்டாம்.

மற்றக் கேள்விகள்

கணவர் அங்கே, மனைவி நாவுலயில் இருந்தால்? மரண ஆதரவுக் கொடுப்பனவு கிடைக்காது. இலங்கையோடு பிரித்தானியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை.

அந்த மனைவிக்கு இலங்கையில் ஏதும் உண்டா? கணவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர் என்றால் காப்புறுதி பற்றி நாவுல பிரதேச செயலகத்திலுள்ள பணியக அலுவலரிடம் உடனே விசாரிக்கவும்.

கோவிலில் மட்டும் நடந்த திருமணம்? பிரித்தானியாவில் பதியாமல் நடந்தது என்றால் சட்டப்படி சிக்கல். இலங்கையில் பதிந்த திருமணச் சான்றிதழ் செல்லும்.

ஈமச்செலவுக்கு அரச உதவி? உண்டு, ஈமச்சடங்கு நடந்து 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஆனால் அது பொது நிதி என்பதால் விசாத் தடை உள்ளவருக்கு இல்லை, உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் சேராது.

விசாவே கணவரின் பேரில் என்றால்? மரணத்தை மறைக்க வேண்டாம், விசாக் காலக்கெடு வருமுன் குடிவரவுச் சட்ட ஆலோசகரிடம் போகவும்.

கணவர் பிரித்தானியப் பிரஜை, மனைவி துணைவர் விசாவில்? நிரந்தர வதிவிடத்துக்கு உடனே விண்ணப்பிக்கலாம். அது கிடைத்ததும் பொது நிதித் தடையும் நீங்கும்.

ஆங்கிலம் தெரியாதென்றால்? தொலைபேசியில் விண்ணப்பிக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இறந்தவரின் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசவும், 3 மாதம் முடியுமுன்.